கோடி மரத்தில் ஒரு உறை

"பறிச்சாச்சாம்மா?"

காலைச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்ததும் நொபுரு கேட்கிற முதல் கேள்வி இதுதான்.

"இல்ல." மிசோ சூப் கிண்ணத்தை டொக்கென்று வைத்தாள் கினுயோ.

"விடுதியிலேர்ந்து நேத்தும் ஃபோன் பண்ணினாங்க."

பெற்ற பிள்ளை பேசுகிற பேச்சா இது? பீச் பறிப்புக்கு உதவ ஒசாகாவிலிருந்து லீவு போட்டு வந்தவன், பறிப்பு முடிந்தும் திரும்பிப் போகவில்லை. அப்பாவை முதியோர் விடுதியில் விட்டுவிட்டுத்தான் போவானாம். கினுயோவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வாக்குக் கொடுத்தது என்னவோ அவள் கணவர் இவாவோதான். பறிப்பு ஆரம்பத்தில், ஞாபகம் கொஞ்சம் தெளிந்திருந்த ஒரு நாளில், அவளையும் நொபுருவையும் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னார்.

"அடுப்பை அணைக்க மறக்கறேன். வீட்டுக்கு வர வழி மறக்கறேன். விடுதிக்கே போயிடறேன். ஆனா கடைசிப் பழம் இறங்கட்டும்."

அந்த வீட்டு வழக்கம் அது. மரத்தில் ஒரே ஒரு உறை தொங்கினாலும், பருவம் முடிந்தது என்று யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள்.

ஒகாயாமாவின் ஷிமிசு வெள்ளைப் பீச் பிறவியிலேயே செல்லம். பிஞ்சாக இருக்கும்போதே ஒவ்வொன்றுக்கும் காகித உறை மாட்டி, வாயில் கம்பியை முறுக்கிவிட வேண்டும். வெயில் முகத்தில் படாமல் உள்ளேயே தூங்கித் தூங்கிப் பால் நிறத்தில் பழுக்கும். ஜூலைக் கடைசியில் தோட்டத்துக்குள் நுழைந்தால் போதும், அந்த வாசனையில் செய்ய வந்த வேலையே மறந்துபோகும்.

இப்போது ஆகஸ்டில் ஓபோன் பண்டிகைக்கு வீடு தேடி வந்த முன்னோர்களின் ஆவிகள்கூடத் திரும்பிப் போயாயிற்று. மரமெல்லாம் காலி. தோட்டத்தின் கடைசியில் நிற்கும் கோடி மரத்தின் தாழ்ந்த கிளையில் மட்டும் ஒரு உறை. கினுயோ வேண்டுமென்றே விட்டுவைத்தது.

தினமும் பனிமூட்டம் கலைவதற்குள் கணவரைக் கையைப் பிடித்து அங்கே அழைத்துப் போவாள். அவர் உறைக்கு அடியில் உள்ளங்கையைக் கொடுத்து, குழந்தையின் முகவாயைத் தாங்குவது போலத் தாங்கிக்கொண்டு கண்ணை மூடுவார். அழுத்தவே மாட்டார். எல்லாம் மறந்தவருக்கு அது மட்டும் மறக்கவில்லை.

"இன்னும் ஒரு நாள் போகட்டும்."

"சரிங்க, போகட்டும்."

அந்த ஒரு நாளுக்காகத்தான் அவளுக்குப் பொழுதே விடிந்தது.

ஓபோன் தாண்டி ஷிமிசு மரத்தில் நிற்காது. கழன்று விழும், அழுகும். தோட்டக்காரிக்கு அது தெரியாதா? ஆனால் இது நின்றது. தும்பிகள் வந்துவிட்டன, காலைக் காற்று குளிர்ந்துவிட்டது, பழம் மட்டும் நின்றது. மரத்துக்கே மனசு இரங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டாள். உறையைப் பிரித்துப் பார்க்க மட்டும் அவளுக்குத் துணிவு வரவில்லை.

இவாவோவுக்கு இப்போது மகனைக்கூட அடையாளம் தெரியவில்லை.

"அந்தப் புது ஆள் நல்லா வேலை செய்யறான். சாப்பாடு போட்டியா?" என்பார்.

நொபுரு தலையைக் குனிந்துகொண்டு சாப்பிடுவான். மறுநாள் காலையில் மறுபடியும், "பறிச்சாச்சாம்மா?"

அன்றைக்கு ரேடியோவில் புயல் எச்சரிக்கை. கினுயோவுக்கு மனசு விட்டுப்போயிற்று. காற்று தள்ளிவிடுவதற்குள் பறித்துவிடலாம்.

"நீ நினைச்சபடியே ஆகட்டும்டா. இன்னைக்கு இறக்கிடறேன்."

நொபுரு கையிலிருந்த சாப்பாட்டுக் குச்சிகளை வைத்துவிட்டு எழுந்தான்.

"நீ போகாதம்மா. நானே பறிச்சுட்டு வரேன்."

"அதுக்குள்ள என்ன பறக்கறே? அவர் கையாலதான் அது இறங்கணும்."

கணவரை அழைத்துக்கொண்டு விடுவிடுவென்று நடந்தாள். செருப்பைக்கூட ஒழுங்காக மாட்டாமல் பின்னாலேயே ஓடிவந்தான் நொபுரு.

கோடி மரத்தடியில் நின்று, இத்தனை நாளில் முதல் தடவையாக அவளே உறைக்கு அடியில் கையைக் கொடுத்தாள்.

கல்லு மாதிரி இருந்தது.

பழுத்துக் குழைந்திருக்க வேண்டிய நேரத்தில் இப்படி ஒரு காயா? இது அவர்கள் மரத்துக் காயே இல்லை. மேலே அடுத்தவர் தோட்டத்தில் செப்டம்பரில் பழுக்கிற ரகம். இது எப்படி இந்த உறைக்குள் வந்தது?

அதற்குள் இவாவோவின் விரல்கள் உறையின் வாயைத் தடவிக்கொண்டிருந்தன.

"யாரு கட்டினது இது?"

"நான்தாங்க. ஜூன்ல கட்டினேன்."

"நீ இல்ல. நீ வலப்பக்கம் முறுக்குவே. இது இடப்பக்கம் போகுது." கம்பியை இன்னொரு தரம் தடவினார். முகம் அப்படியே மலர்ந்தது. "அட, நம்ம நொபுரு கட்டினது! இடக்கைப் பய! பறிக்கறவன் கையைக் கிழிக்கும்டான்னு எத்தனை தடவை திட்டியிருப்பேன், கேட்டானா?"

கினுயோவுக்குக் கண்ணீர் கண்ணை மறைத்தது. தினமும் காலையில் அவன் கேட்ட கேள்வி காதில் திரும்ப ஒலித்தது. அது அவசரம் இல்லை. பயம், எங்கே அவள் பறித்து, உறைக்குள் அவன் மாற்றி வைத்துக் கட்டிய காயைப் பார்த்துவிடுவாளோ என்று.

இவாவோ பின்னால் நின்ற புது ஆளைப் பார்த்துக் கண்டிப்பாகச் சொன்னார்.

"தம்பி, எம்பையன் ஒசாகாவுல இருக்கான். அவன் வந்து அவிழ்க்கற வரைக்கும் யாரும் இதுல கை வைக்கக் கூடாது. தெரியுதா?"

"சரிங்கய்யா."

சொல்லிக்கொண்டே நொபுரு, சின்ன வயதில் அப்பாவிடம் மாட்டிக்கொள்ளும்போதெல்லாம் செய்ததைப் போலவே, இடது கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டான்.