நூற்று இருபத்தெட்டு எம்.பி.

"சாயங்காலத்துக்குள்ள இது ஓடலைன்னா வேல போயிரும், மாமி."

ஷைனி, தான் வேலை பார்க்கும் ஜெராக்ஸ் கடையிலிருந்து தூக்கி வந்திருந்த பழைய கம்ப்யூட்டரின் முன் உட்கார்ந்து, போனைக் காதில் இடுக்கிக்கொண்டாள். மறுமுனையில் துபாயிலிருந்து அவள் கணவன் பிபின்.

"மெமரி நூத்தி இருபத்தெட்டு எம்.பி.தான். படத்தோட வர்ற லினக்ஸ் தாங்காது. எழுத்து மட்டும் வர்றதுதான் சரிப்படும்... அது நிக்கல்ல, மெதுவா ஓடுது. பொறுக்கணும்."

பக்கத்து வீட்டு லூர்து எட்டிப் பார்த்தாள். "மெக்கானிக்கிட்ட குடுக்காம எதுக்கு இந்தப் பாடு?"

"மெக்கானிக் எதுக்கு? எனக்க மவன் துபாய்ல இருந்தே சொல்லிக் குடுக்கியான். ஆபீஸ்ல இருக்கப்பட்டவனாக்கும்!" என்றாள் மாமியார் பிலோமினா. கடியப்பட்டணம் முழுக்க அவள் சொல்லித் திரிந்த பெருமை அது.

இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி போன் வந்தது. ஷைனி ஸ்பீக்கரை அழுத்தினாள்; பிபினின் குரல்.

"ஏட்டி, இங்க ஆபீஸ் கம்ப்யூட்டரும் ஓடிட்டு! நீ அங்க செஞ்சு பாத்து ஒண்ணொண்ணா சொன்னதையே நானும் செஞ்சேன். மேனேஜருக்கு ஒரே சந்தோஷம். எனக்க வேல தப்பிச்சு!"

லூர்து வாயைப் பொத்திச் சிரித்தாள். "அப்ப பாடம் போனது இங்கேருந்தா?"

பிலோமினாவுக்கு ஒரு கணம் முகம் சுண்டிப்போனது. மருமகளின் கழுத்தில் வழிந்த வியர்வையைப் பார்த்தாள். எதுவோ உள்ளே நிமிர்ந்தது. போனைப் பிடுங்கினாள்.

"ஏலே, படிப்பிச்சுத் தந்த டீச்சரையா 'ஏட்டி'ன்னு கூப்பிடுக?"