இரண்டு பூட்டு

கதவில் இரண்டு பூட்டு தொங்கியது.

"பூட்டு இருக்கணும்னுதான் விதி. எதுக்கு ரெண்டு?" என்றேன்.

"ஒரு சாவி எங்கிட்டங்க. இன்னொண்ணு மருமவகிட்டங்க" என்றாள் பொன்னாயி.

எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் குடலைப் பிடுங்கி வெளியே போட்டுவிட்டு, பஸ்ஸை விட்டு இறங்கி, மலைமேல் குண்டூர் நாட்டின் இந்தச் சின்ன ஊருக்கு ஒற்றையடிப் பாதையில் நடந்து வந்தவன் நான். பூச்சி மருந்து அடிக்கும் தொழிலுக்கு லைசென்ஸ் கேட்டு மனு வந்தால், மருந்து வைக்கும் அறையை நேரில் பார்த்துச் சிபாரிசு எழுதுவது என் வேலை. வெறும் வயிறு. கோபப்படத்தான் வந்தேன், ஆனால் சிரிப்பு வந்தது.

"மாமியாருக்கும் மருமகளுக்கும் அவ்வளவு நம்பிக்கையா?"

"நம்பறதில்லீங்க" என்றாள் மருமகள் அருணா. முகத்தில் விளையாட்டே இல்லை.

எந்த வீட்டில்தான் இது இல்லை என்று விட்டுவிட்டேன். ஆனால் வழியில் பார்த்த ஒரு வீட்டிலும் பூட்டைக் காணோம். கதவைச் சாத்தி நாதாங்கியை மாட்டிவிட்டுக் காட்டு வேலைக்குப் போகிற ஊர். ஊருக்கே இருந்தது இரண்டு பூட்டு, இரண்டும் ஒரே கதவில்.

மனுவில் குறை இல்லை. அருணா கீழே ராசிபுரத்துப் பெண், பி.எஸ்ஸி. வேதியியல். பட்டம், பயிற்சிச் சான்றிதழ், அறையின் வரைபடம், ஆட்சேபணை இல்லை என்ற ஊராட்சிக் கடிதம் எல்லாவற்றையும் வரிசையாக வைத்துத் தைத்திருந்தாள். கணவர் பெயர் சதீஷ்குமார்.

எனக்குத் தெரியாததா? பட்டம் பெண்டாட்டியுடையது, வியாபாரம் புருஷனுடையது. ஆய்வுக்கு ஆள் வந்தால் ஐயா டீக்கடையில் இருப்பார்.

"வீட்டுக்காரரைக் கூப்பிடும்மா. அவர்கிட்டயும் நாலு கேள்வி கேட்கணும்."

அருணா குனிந்துகொண்டாள். "அவன் வரமாட்டானுங்க" என்றாள் பொன்னாயி.

திமிரைப் பார் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு பேரும் ஆளுக்கொரு சாவி போட்டுத் திறந்தார்கள். பழைய ஆட்டுக் கொட்டகை. தரைக்குச் சிமென்ட், ஜன்னலுக்குக் கம்பி வலை, மணல் வாளி, கையுறை, முகமூடி. டவுனில்கூட இவ்வளவு சுத்தமாக நான் பார்த்ததில்லை.

பலகையில் இருந்த பாட்டில்களைப் பார்த்ததும்தான் தலை சுற்றியது. ஒன்றுகூடப் புதிது இல்லை. கால் பாட்டில், அரைப் பாட்டில், மூடி தொலைந்து துணி அடைத்த பாட்டில். ஒவ்வொன்றின் கழுத்திலும் நூலில் ஓர் அட்டை. சின்னுசாமி ஊடு. பாப்பாயி ஊடு. அர்த்தனாரி ஊடு. நாற்பத்தொரு பாட்டில்கள். மூலையில் இருந்த ஒன்றுக்கு மட்டும் அட்டை இல்லை.

"என்னம்மா இது, காயலான் கடையா?"

"ஊர்ல இருக்கற மருந்தெல்லாம் இங்கதானுங்க சாமி" என்றாள் பொன்னாயி. "மொளகுக்கோ காப்பிக்கோ அடிக்கோணும்னா சொல்லுவாங்க. நாங்க ரெண்டு பேரும் போயி அடிச்சுப்போட்டு, மிச்சத்தைக் கொண்டாந்து வெச்சுப் பூட்டிருவோமுங்க."

எனக்குக் கோபமே வந்துவிட்டது. லைசென்ஸ் வருமுன்னே மருந்தை இருப்பு வைத்தது முதல் தப்பு. ஊரான் வீட்டு மருந்தை வைத்தது அடுத்தது. ஒருத்திக்குக் காய்ச்சல் வந்தால் கதவே திறக்காது. இது தொழிலா, கிறுக்கா? எல்லாவற்றையும் அவரவரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, காலி அறையோடு மறுபடி மனுப் போடச் சொன்னேன்.

திருப்பிக் கொடு என்றதும் பொன்னாயி என் காலைத் தொட வந்தாள்.

"லைசென்ஸ் வருதுன்னு சொல்லித்தானுங்க எல்லார்கிட்டயும் வாங்குனோம். இல்லீன்னா பாட்டில் அவங்கவங்க ஊட்டுக்கே போயிருமுங்க. மறுக்காவும் பரண்ல, கைக்கு எட்டற எடத்துல வெப்பாங்க சாமி."

"வெச்சா வெச்சுட்டுப் போறாங்க. உங்களுக்கு என்ன?"

அருணா என் கையில் இருந்த மனுவையே பார்த்தாள்.

எனக்கு ஒரு மண்ணும் புரியவில்லை. மனுவைத் தள்ளுபடி செய்யக் காரணம் எழுதலாம் என்று கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன். பதினாலாவது கேள்வி. விபத்து நேர்ந்தால், விஷமுறிவுச் சிகிச்சை உள்ள மருத்துவமனை எவ்வளவு தூரம்? கிலோமீட்டரில் எழுத வேண்டிய இடத்தில் 'மூன்று மணி நேரம்' என்று எழுதியிருந்தது. படித்த பெண்ணுக்கு இதுகூடவா தெரியாது என்று அடித்துவிடப் பேனாவைத் திறந்தேன்.

கீழே பொடி எழுத்தில் இன்னொரு வரி இருந்தது.

'என் கணவருக்கு இரண்டரை மணி நேரம்தான் இருந்தது.'

அட்டை இல்லாத பாட்டில் இருந்த மூலைப் பக்கம் நான் திரும்பவில்லை. டீக்கடை என்று நினைத்ததற்கு என்னையே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

"பூட்டிக்குங்கம்மா" என்றேன்.

அருணா தன் பூட்டைப் பூட்டினாள். பொன்னாயி அதை இழுத்துப் பார்த்தாள். பிறகு பொன்னாயி தன் பூட்டைப் பூட்டினாள். அருணா அதை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தாள்.

கதவு ஓரத்தில் மனுவை வைத்துச் சிபாரிசு எழுதினேன். சேமிப்பு அறை பாதுகாப்பாக உள்ளது. லைசென்ஸ் வழங்கலாம். தேதி 12.11.2001.

கையெழுத்துப் போட்ட பிறகு, அதற்கு மேலே இருந்த கொஞ்ச இடத்தில் நுணுக்கி நுணுக்கி ஒரு வரி சேர்த்தேன். இப்படி ஒரு விதி எங்கள் புத்தகத்தில் கிடையாது.

நிபந்தனை: இரண்டு சாவியும் எக்காரணம் கொண்டும் ஒருவரிடம் இருக்கக் கூடாது.