ஒரு சாண் வெயில்

வெயிலால் தண்ணீரைப் பிரித்து எரிபொருள் எடுக்கும் கண்ணாடிக் குழாயைத் திறந்துவைக்கக் கல்லூரி மைதானத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். குழாயையும் பந்தலுக்குள்ளேயே வைத்துவிட்டார்கள். உள்ளே மஞ்சள் தூள் கலந்த தண்ணீர் குமிழி விடாமல் கிடந்தது. அந்தத் தூளில் இரண்டு பொருள்கள். ஒன்று வெயிலை வாங்கும், மற்றது தண்ணீரைப் பிரிக்கும். இரண்டையும் ஒட்டவைக்க ஆராய்ச்சி மாணவி ஜெசிந்தாவுக்கு ஆறு வருடம் ஆகியிருந்தது.

"சார், இதுக்கு வெயில் படணும். மேல துணியப் பிரிக்கச் சொல்லுங்க," என்றாள் துறைத்தலைவரிடம்.

"சீஃப் கெஸ்ட் வெயில்ல உக்காருவாராம்மா? யோசிச்சுப் பேசு."

"அப்போ குழாயையாவது வெளிய வைக்கிறேன்."

"ரிப்பன் இங்க கட்டியாச்சு. ஃபோகஸ் லைட் போடச் சொல்லியிருக்கேன், அதுல குமிழி வரட்டும்."

பந்தலுக்குப் பின்னால் டீசல் ஜெனரேட்டர் உறுமியது. ரிப்பனை வெட்டினார்கள். விளக்கு வெளிச்சத்தில் ஒரே ஒரு குமிழி எழுந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டலைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

கத்தரிக்கோல் தாம்பாளத்தில் கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு குழாய் இருந்த மேஜைமேல் ஏறி, நேர் மேலே துணியைக் கிழித்தாள். மணி பதினொன்று. சாய்ந்து இறங்கிய வெயில் குழாயைத் தாண்டிப் போய், சிறப்பு விருந்தினரின் மடியில் ஒரு சாண் அகலத்துக்கு விழுந்தது.

"இறங்கு! சார் மேல வெயில் அடிக்குது!" என்று துறைத்தலைவர் கத்தினார்.

"அடிக்கட்டும். உச்சிக்கு வந்தா குழாய்க்கு வந்துரும். அதுவரைக்கும் ஒருத்தரும் பந்தலத் தொடக் கூடாது."

கத்தரிக்கோலை விரித்தபடி அவள் மேஜையிலேயே நின்றாள். உச்சிக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.