பதினோரு நிமிடம், ஐம்பது விநாடி

பழைய கார்டில்தான் முதலில் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று அவர் ஒற்றைக்காலில் நின்றார்.

"ரெண்டையும் என் கண்ணால பாத்தாத்தான் மனசு ஆறும்மா."

கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்து மேஜைமேல் சாய்த்து வைத்திருந்தேன். திரைக்குப் படம் போட்டுத் தரும் பழைய கிராஃபிக்ஸ் கார்டின் இரண்டு விசிறிகளில் ஒன்று கிறீச்சிட்டுக்கொண்டே சுற்றியது. புதுக் கார்டு பக்கத்தில், இன்னும் பிரிக்காத அட்டைப்பெட்டியில் இருந்தது.

இன்னும் கட்டாத வீடுகளைக் கட்டி முடித்த மாதிரி படம் செய்து கொடுப்பது அவர் தொழில். சுவர், ஜன்னல், அந்த ஜன்னல் வழியாக விழும் வெயில் வரைக்கும். கட்டடக்காரர்கள் அந்தப் படத்தைக் காட்டித்தான் வீட்டை விற்பார்கள். ஐந்தாவது மாடியில் இதே அறை, இதே நாற்காலி, இருபத்திரண்டு வருஷம். அதில் பாதிக் காலம் அவர் கம்ப்யூட்டருக்கு வைத்தியம் பார்த்தது நான்.

நாலு மாதமாக ஒரே புகார். படத்தில் தரைக் கோடுகள் வளைகின்றன. நடுவில் யாரோ விரலால் தேய்த்த மாதிரி ஒரு கறை.

வயரை மாற்றினேன். அவர் திரையையே மாற்றினார். கறை போகவில்லை. கடைசியில் பழி கார்டின் தலையில் விழுந்தது.

ஒரு சமையலறைப் படத்தை எடுத்தார். தரை முழுக்கச் சின்னச் சின்னச் சதுர டைல்ஸ். கோணல் இருந்தால் அதில் தப்பவே முடியாது.

பழைய கார்டு அதைக் கட்டம் கட்டமாகப் போட ஆரம்பித்தது. அவர் மனைவி காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, கதவு நிலையில் சாய்ந்து நின்றுகொண்டார்.

பதினோரு நிமிடம்.

"பாத்தீங்களா, எப்படி வளையுதுன்னு?"

எனக்கு எல்லாக் கோடுகளும் நேராகத்தான் தெரிந்தன. நான் காபியைக் குடித்தேன்.

புதுக் கார்டு பழையதைப்போல ஒன்றரை மடங்கு நீளம். புது மாப்பிள்ளை மாதிரி, இருந்த எல்லாரையும் நகர்த்திவிட்டுத்தான் உட்கார்ந்தது. திருகாணிகளை முறுக்கி, மின்சார வயரைச் செருகி, அதே சமையலறையைத் திரும்ப ஓட்டினேன்.

ஐம்பது விநாடி. சத்தமே இல்லை.

ஒரே படம். கார்டு மாறினால் வேகம் மாறும், கோடு மாறாது. எனக்குத் தெரிந்தது அவருக்குத் தெரியாமல் இருக்காது. பயம் வந்துவிட்டால் தெரிந்ததுகூட மறந்துபோகும் போலிருக்கிறது.

அவர் திரையில் மூக்கு இடிக்கிற அளவுக்கு நெருங்கினார். இடது கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு பார்த்தார். பிறகு வலது கண்ணை. பிறகு காக்கா மாதிரி தலையைச் சாய்த்து ஓரக்கண்ணால் பார்த்தார்.

வெகுநேரம் பார்த்தார்.

"நேரா இருக்கு," என்றார். "கார்டுதான்."

"நான்தான் அப்பவே சொன்னேனே," என்று அவர் மனைவி சிரித்தார். "நாலு மாசமா வீணா மண்டையை உடைச்சுக்கிட்டீங்க."

காலிக் கப்புகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். குழாய்த் தண்ணீர் ரொம்ப நேரம் ஓடிக்கொண்டிருந்தது.

அவர் என்னோடு லிஃப்ட் வரைக்கும் வந்தார். ஒரு கையால் சுவரைத் தடவிக்கொண்டே வந்தார்.

"ரெண்டு படமும் ஒண்ணுதானேம்மா?"

"புதுசு வேகமா இருக்கு சார்."

"வேகத்தைக் கேக்கல."

தலையாட்டினேன். அது அவருக்குத் தெரிந்ததோ என்னவோ என்று, "ஒண்ணுதான் சார்" என்று வாயாலும் சொன்னேன்.

அவர் லிஃப்ட் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றார். முகத்தில் பெரிதாக ஒன்றும் இல்லை. எங்கேயோ வைத்த பொருள் இனிமேல் கிடைக்காது என்று தேடுவதை நிறுத்திவிட்டவர் மாதிரி இருந்தார்.

"அவகிட்ட சொல்லிடாதீங்க. அவ நல்லாத் தூங்கி நாளாச்சு."

"சொல்லமாட்டேன் சார்."

கதவு மூடியது. கீழே வந்து, வண்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன்.

முந்தின நாள் மத்தியானம் அவர் மனைவி என் கடைக்கு வந்திருந்தார். தனியாக. கைப்பையிலிருந்து கண் ஆஸ்பத்திரிக் கவர் ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தார். மூன்று வாரமாக அது அவரிடம்தான் இருந்ததாம். பார்வைக்கு இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று டாக்டர் சொன்னதை மறைத்து, கண்ணாடிப் பவர் கூடியிருக்கிறது என்று மட்டும் கணவரிடம் சொல்லியிருக்கிறார்.

"புதுசுலயும் வளையுதுன்னு அவர் சொன்னார்னா, இது கோளாறு பிடிச்ச பீஸு, வேற வரவழைக்கிறேன்னு சொல்லிடும்மா. அது வர்ற வரைக்குமாவது அவர் நம்பிக்கிட்டு இருக்கட்டும்."

சரி என்றிருந்தேன். காலையிலிருந்து அந்தப் பொய்யை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேதான் திருகாணிகளைக் கழற்றினேன்.

அவர் அதற்கு இடமே கொடுக்கவில்லை. வளைகிறது என்று சொல்லவில்லை. நேராகத் தெரியவே முடியாத கண்ணோடு, நேராக இருக்கிறது என்றுவிட்டார்.

அவருக்கும் தெரிந்துவிட்டது என்பது கதவு நிலையில் நின்றிருந்த அந்த அம்மாவுக்கு அந்த நொடியே புரிந்திருக்கும். அதற்கு அப்புறம்தான் அந்த அம்மா சிரித்தார்.