விரல் மை

மில்லுக்குக் கிழக்கே ஒரு வாசல், மேற்கே ஒரு வாசல். இரட்டையர்களான எட்வினும் எர்வினும் காலையில் ஆளுக்கொரு வாசல் வழியே வருவார்கள். மாலையில் ஒரே வாசல் வழியே போவார்கள். எந்த வாசல் என்று சொல்ல முடியாது. பிரிந்து மட்டும் போனதே இல்லை. முற்றத்தின் நடுவே உட்கார்ந்திருக்கும் காவலாளி வேலாண்டிக்கு இது உறுத்தியது. நூல் கடத்துகிறார்களோ என்று சாப்பாட்டுத் தூக்கைக்கூடத் துழாவிப் பார்த்தார். ஒன்றும் அகப்படவில்லை. எட்வின் என்று கூப்பிட்டால் இருவருமே திரும்பினார்கள்.

தேர்தல் வந்தது. எட்வின் ஓட்டுப் போட்டான். எர்வின் காய்ச்சலில் படுத்துவிட்டான். அடுத்து இருவரும் வேலைக்கு வந்த அன்று மாலை, விரலில் மை இருந்தவன் கிழக்கேயும் இல்லாதவன் மேற்கேயும் போனார்கள். பிறகும் பல நாள் அப்படித்தான். அந்த மையை வைத்தே வேலாண்டி இருவரையும் பிரித்தறியப் பழகிக்கொண்டார். எர்வின்தான் வாசல் படியில் இடது காலை முதலில் வைப்பவன்.

நகம் வளர்ந்து மை வெட்டுப்பட்டுப் போனது. ஒரு மாலை இருவரும் அவர் முன்னால் வந்து நின்றார்கள்.

"மை போயிருச்சு அண்ணாச்சி. ஆனா முன்ன மாதிரி சேந்து போக முடியல, யாரோ இன்னும் எங்களப் பிரிச்சுப் பாக்குற மாதிரி இருக்கு. எங்கள்ல எட்வின் யாருன்னு இன்னமும் ஒங்களுக்குத் தெரியுதோ?"

"தெரியலப்பா" என்றார் வேலாண்டி, அவர்களுடைய கால்களைப் பார்க்காமல்.

இருவரும் அவரையே சற்று நேரம் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். அவர் கண்களை மூடிக்கொண்டார். கிழக்கு வாசல் கீச்சிட்டது. கொஞ்சம் பொறுத்து, மேற்கு வாசலும்.