மாஸ்டரின் சனிக்கிழமை

பூக்காரி நீட்டிய ரோஜாக் கொத்துக்குள் மாஸ்டர் முகத்தைப் புதைத்திருந்தார். கண்கள் மூடியிருந்தன. இரண்டு கடை தள்ளி, முட்டைக்கோஸ் குவியலுக்குப் பின்னால் நின்று அவர் மனைவி அதைப் பார்த்தாள்.

சனிக்கிழமை காலையில் ஓட்டலில் கூடுதல் வேலை என்று சொல்லித்தான் கொஞ்ச நாளாகக் கிளம்பிப் போகிறார். சந்தையில் ஒரு பூக்காரியோடு பார்த்ததாக மாடி வீட்டு அக்கா சொன்னபோது அவள் நம்பவில்லை. ஆனாலும் மனசு கேட்காமல் இன்று பின்னாலேயே வந்துவிட்டாள்.

இந்த நாட்டுக்கு வந்து ஒன்றரை வருடமாகியும் சந்தைக்குள் அவள் கால் வைத்ததில்லை. தரையெல்லாம் மீன் கழுவிய தண்ணீர். அதில் அழுகிய பூக்காம்புகள் வழவழவென்று மிதந்தன. அடிக்கு அடி செருப்பு ஒட்டி ஒட்டிப் பிரிந்தது. துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

பூக்காரி அந்த ஊர் பாஷையில் ஏதோ சொல்லிச் சிரித்தபடி அடுத்த கொத்தை எடுத்துக் கொடுத்தாள். மாஸ்டர் அதையும் முகத்தோடு சேர்த்து அழுத்திக்கொண்டார். பெண்டாட்டிக்கு ஒரு முழம் பூ வாங்கி வராத மனுஷன் என்று நினைத்தபடி குவியலுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

கொஞ்ச நாளாகவே அவரைக் கண்டால் அவளுக்கு அருவருப்புதான். மூன்று நாள் வியர்வையில் ஊறிய சட்டையையே மறுபடி மாட்டிக்கொண்டு கிளம்புவார். நேற்று, ஊசிப்போன குழம்பைக் கொட்டுவதற்காக அவள் ஓரமாக வைத்திருந்தாள். அதையே சோற்றில் ஊற்றி, முகம் சுளிக்காமல் வழித்துச் சாப்பிட்டுவிட்டார். இவர் ஒரு பெரிய ஓட்டலில் தலைமைச் சமையல்காரர். ஆவியின் வாசனையிலேயே பக்குவம் சொல்லிவிடுவார் என்றுதான் முதலாளி டிக்கெட் போட்டு வரவழைத்திருந்தார்.

மாஸ்டர் கொத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மீன்கடைகள் பக்கம் நடந்தார். கடைசிக் கடைக்குப் பின்னால், குடலும் செவுளுமாக ஒரு வாளி நிரம்பி வழிந்தது. மேலே ஈக்கள் கறுப்பாக அப்பியிருந்தன. அதன் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தவர், ஈக்களைக் கையால் விரட்டிவிட்டு, தலையை உள்ளே கவிழ்த்தார்.

மீன் வெட்டுகிறவன் பக்கத்துக் கடைக்காரனைக் கூப்பிட்டுக் காட்டினான். இருவரும் சிரித்தார்கள். அந்த நிமிஷமே அவளுக்குப் பூக்காரி மறந்துபோனாள். ஓடிப்போய் அவர் காலரைப் பிடித்து இழுத்தவள், வாளிக்குள் தெரிந்ததைப் பார்த்து, சுவரைப் பிடித்துக்கொண்டு இரண்டு தடவை ஓங்கரித்தாள்.

"உங்களுக்கு என்ன பைத்தியமா? இந்த நாத்தத்துல ஒரு நிமிஷம் நிக்க முடியல. நீங்க மூஞ்சியையே உள்ள விடுறீங்க. பாக்கவே அருவருப்பா இருக்கு."

மாஸ்டர் மெல்ல எழுந்தார். ஓட்டல் ஆட்கள் யாராவது கண்ணில் படுகிறார்களா என்று சுற்றிலும் பார்த்தார். அவளைத் தூண் ஓரமாக அழைத்துப் போனார்.

"அவ்வளவு நாறுதாம்மா? போன மாசம் காய்ச்சல் வந்துட்டுப் போனதுலேர்ந்து, எனக்கு ஒரு வாசனையும் தெரியல."