ஹீயா, ஹிம்மா?

பிள்ளையார்பாளையம் நெசவாளர் சங்கத்து ஆங்கில வகுப்பின் கடைசி நாளில் அங்கே இருந்தவர்கள் நால்வர்: டீச்சர் கலையரசி, அம்சா, நீலாம்பாள், வாசலோரம் நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்திருந்த நீலாம்பாளின் கணவர். தேர்வில் முந்துகிறவர் டெல்லிப் பட்டுக் கண்காட்சிக்குப் போகலாம்.

டீச்சர் தாமோதரன் என்று ஒரு பேரை வாய்விட்டுச் சொல்லி, அவரைப் பற்றி ஆங்கிலத்தில் நாலு வாக்கியம் பலகையில் எழுதினாள். "பேருக்குப் பதிலா ஹீ வருமா, ஹிம் வருமா?"

அம்சா இரண்டு இடத்தில் தவறினாள். நீலாம்பாள் நான்கையும் தடுமாறாமல் சொன்னாள். கணவர் மீசையைத் தடவிக்கொண்டார்.

"இப்ப அதையே பேரோட படிங்கம்மா."

நீலாம்பாள் வாயைத் திறக்கவில்லை.

"ஒரு பேரைப் படிக்கத் தெரியல. வூட்டுக்காரரு அங்கேர்ந்து ஜாடை காட்டிக்கினு இருந்தாரு டீச்சர்," என்றாள் அம்சா.

கணவரின் வம்சத்தில் யாரும் திருட்டுப் பட்டம் வாங்கியதில்லை. எழுந்து நின்றார்.

"பேரை மாத்தி எழுதும்மா. அவ படிப்பா."

"ஏன் சார்?"

"தாமோதரன் என் பேரு. கட்டிக்கினு வந்த நாள்லேர்ந்து அவ அதைச் சொன்னதில்ல."

டீச்சர் பெயரை மாற்றினாள். நீலாம்பாள் கணீரென்று படித்தாள், டெல்லிக்கும் போய்வந்தாள்.

அவர் ஜாடை காட்டித்தான் அவள் தேறினாள் என்று பிள்ளையார்பாளையத்தில் இன்னும் பேசுகிறார்கள். அது பொய். அவருக்கு ஆங்கிலம் தெரியாது.